காலா, கணினியா?

அவளுக்குப் பல் செட்டு செய்யும் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் வரிசை அமைத்து, மெருகேற்றி அனுப்புவாள். மாலையில் அண்ணனின் இசைக்குழுவில் ட்ரம்ஸ்; பெரிய ட்ரம்மை இரண்டு கால்களாலும் பெடல் மிதித்து அடிப்பாள். அண்ணன் கிட்டார், இன்னொருவர் பேஸ் கிட்டார், ஒரு பாடகர். அவர்கள் வாசித்தது டெக்னிக்கல் டெத் மெட்டல். பாடகர் அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். அதற்கடியில் தாளம் தலைதெறிக்க ஓடிக்கொண்டே கணக்கு மாறும். புதிதாகக் கேட்பவர்கள் மிக்ஸி கெட்டுப்போய்விட்டதா என்பார்கள். குழுவில் அவளுக்குப் 'பல்லு' என்று பெயர்.

'நரம்புக் கணக்கு' என்ற அவர்களுடைய முதல் ஆல்பம் வந்ததும் இணையத்தில் பாராட்டு குவிந்தது. அப்புறம்தான் ஒரு விமர்சகர் எழுதினார். மெட்டல் ரசிகர் வட்டாரத்தில் அவர் சொன்னால் எடுபடும். "மூன்றாவது பாட்டின் ட்ரம்ஸ் மனிதக் கால்கள் அடித்ததாகத் தெரியவில்லை. இத்தனை சுத்தம் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கணினி வேலையாக இருக்கலாம்." நேற்றுவரை புகழ்ந்தவர்களும், தங்களுக்கும் அப்போதே உறுத்தியது என்றார்கள்.

"பொய்ப்பல் செய்யறவ தாளமும் பொய்யாம்," என்றான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஒத்திகையில் அண்ணன் கிட்டாரைச் சுருதி சேர்த்தபடியே கேட்டான்.

"ட்ரம்ஸ் பதிவு பண்ணப்போ நான் உன்கூட இல்ல. நீயும் சவுண்ட் இன்ஜினியரும் மட்டும்தானே?"

"அதுக்கென்ன?"

"ஏதாவது சரி பண்ணித் தரச் சொன்னியா?"

"என்னையே சந்தேகப்படறியாண்ணா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. இருந்தா சொல்லிடு, அவ்வளவுதான்."

வீட்டுக்குப் போய்ப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அடிகள் இழைத்து வைத்ததுபோல இருந்தன. இது நான் அடித்ததுதானா? இன்ஜினியர் கேட்காமலே கை வைத்திருப்பாரோ? கணவனிடம் கேட்டாள்.

"நீ உட்கார்ந்து காலை ஆட்டினா சோபாவே நகருது. எனக்கெதுக்கு சாட்சி?" என்றான். அவளுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"என் ட்ரம்ஸ்ல கை வெச்சீங்களா?"

இன்ஜினியர் மற்ற ஒலிகளை அணைத்துவிட்டு ட்ரம்ஸை மட்டும் ஓடவிட்டார். பெடல் கிறீச்சிட்டது. அடிகளுக்கு நடுவே அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"நீங்க அடிச்சது அடிச்சபடியே இருக்கும்மா. சரி பண்ண வேண்டி வந்தது வேற."

"வேறன்னா?"

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார். "அண்ணன் சொல்லலையா?"

மூன்றாவது பாட்டின் வேகத்துக்கு அண்ணனின் விரல்கள் ஈடுகொடுக்கவில்லை. மெதுவாகத் துண்டு துண்டாக வாசித்திருக்கிறான். அவற்றை இன்ஜினியர் கணினியில் ஒட்டி வேகமாக்கியிருக்கிறார். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதைச் செய்துவிட்டு என்னைக் கேட்க எப்படி வாய் வந்தது? பிறகு வேறொன்று தோன்றியது. தங்கையும் தன்னைப்போலத்தான் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று கேட்டிருப்பானோ? கணவனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

ஆல்பத்துக்கான கச்சேரிக்கு விமர்சகர் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு அவள் கால்களையே பார்த்தபடி முன்னால் நின்றார். மூன்றாவது பாட்டைக் குச்சி தட்டி, வேகம் காட்டித் தொடங்க வேண்டியவள் அவள்தான். ஆல்பத்தின் வேகத்தில் தட்டினால் விமர்சகர் வாயடைத்துப் போவார். ஆனால் அண்ணன் பேயறைந்தவன்போல நின்றான்; விரல்களைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவள் வேகத்தைக் குறைத்துத் தட்டினாள்.

"மேடையில் வேகம் வரவில்லை. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது," என்று விமர்சகர் எழுதினார்.

அண்ணன் அவள் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டான்.

"ஏன் மெதுவா ஆரம்பிச்சே?"

"கால் வலி."

"உனக்குக் கால் வலிச்சு நான் பார்த்ததே இல்லையே." கதவு வரை போய்த் திரும்பினான். "ஸ்டூடியோவுக்குப் போயிருந்தியா?"

"ஏன், போகக் கூடாதா?"

"சும்மாதான் கேட்டேன்," என்று போய்விட்டான்.

அதன் பிறகு ஒத்திகைகளில் இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவனும், எப்போது வாயைத் திறப்பான் என்று அவளும். இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேச எல்லோரும் உட்கார்ந்தபோது அண்ணன் சொன்னான்:

"இந்தத் தடவை நான் வாசிக்கறப்போ எல்லாரும் கூட இருங்க."

"எதுக்குடா?" என்றார் பாடகர்.

"மூணாவது பாட்டுல கணினி வேலை நடந்தது கிட்டார்ல. இவ ட்ரம்ஸ்ல இல்ல."

தங்கையின் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கே விமர்சகருக்கும் அதை எழுதி அனுப்பினான்.

விமர்சகர் அதை அப்படியே வெளியிட்டு, கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: "தங்கையைக் காப்பாற்ற அண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று சந்தேகிக்கிறேன்."

அண்ணன் போனை அவளிடம் நீட்டினான். "இந்த ஆளை என்ன பண்றது?"

"அடுத்த கச்சேரிக்கு என் பெடல் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வெச்சிடு," என்றாள். "நீ வீட்ல பிராக்டிஸ் பண்ணு."