காலி வண்டி

கண்ணாடி வெட்டிப் பொருத்தும் அந்த மனிதரை எங்கள் தெருவில் ஆமை என்றே அழைப்போம். அவருடைய சரக்கு வண்டி சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. வண்டியின் பின்புறத்தில் கம்பளித்துணி சுற்றிய மரச்சட்டம் ஒன்று உண்டு. ஜன்னல் கண்ணாடிகளை அதில் சாய்த்துக் கட்டியிருப்பார். அவர் ஒரு வேகத்தடையைக் கடப்பதற்குள், பின்னால் வருபவர் நிதானமாகக் கொட்டாவி விட்டு முடித்துவிடலாம். கைப்பேசி எவ்வளவு அலறினாலும் தொடமாட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் வழியில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆளே வேறு. காலி வண்டிதான் அவருடைய அலுவலகம். அளவு சொல்பவர், நாள் கேட்பவர், தாமதத்துக்குத் திட்டுபவர் என எல்லோரிடமும் அப்போதுதான் பேசுவார். ஸ்டியரிங்கின்மேல் துண்டுக் காகிதத்தை வைத்து அளவுகளைக் குறித்துக்கொள்வார். குறித்த அளவு ஒருநாளும் பிசகியதில்லை. ஆகவே, அந்தப் பழக்கத்தில் பிழை இருப்பதாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

அவருடைய அக்காள் தையற்காரர். தம்பி வீட்டு மாடியறையில் இயந்திரம் போட்டுத் தைத்து வந்தார். ஒரு நண்பகலில், துணி வாங்கிக்கொண்டு நடந்துவந்த அக்காளை, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய தம்பி வழியில் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்து வளைவில் கைப்பேசி அடித்தது. அழைப்பவர் யாரென்று பார்க்கக் குனிந்தார், அவ்வளவுதான். நிமிர்ந்தபோது எதிரே விளக்குக் கம்பம். தம்பிக்கு நெற்றியில் ஒரு கீறல். அக்காளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனைக்கு வந்த காவலரிடம் தம்பி எதையும் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், "நல்லவேளை சார், வண்டி காலியா வந்துச்சு," என்று முடித்தார்.

கட்டிலில் படுத்திருந்த அக்காள் முகத்தைத் திருப்பினார்.

"நான் ஏறினதுக்கு அப்புறமுமாடா காலி?"



கட்டுப் பிரித்த பின்னும் மணிக்கட்டு முழுமையாக மடங்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல்கள் நடுங்கின. வாரம் இருமுறை கைப்பயிற்சிக்காக மருத்துவமனைக்குச் செல்லவேண்டியிருந்தது. அந்த நாள்களில் தம்பி வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திக் காத்திருப்பார். அக்காள் பையை மாட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிடுவார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தம்பியின் மனம் ஆறியிருக்கும். அக்காள் சோறு போடுவார், அறுந்த பொத்தானை இடக்கையால் தைத்தும் கொடுப்பார். வண்டியில் மட்டும் ஏறமாட்டார்.

இனிக் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று தம்பி முடிவு செய்தார். மூன்றாம் நாளே, காலி வண்டியில் மணி அடித்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அதைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்றுமுதல் புறப்படும் முன்பே கைப்பேசியைப் பின்னாலிருக்கும் கருவிப்பெட்டியில் வைத்து மூடினார். வண்டியை நிறுத்திய பிறகே பேசுவேன் என வாடிக்கையாளரிடம் சொல்லிவைத்தார். அதுவும் போதாதென்று, வாடிக்கையாளர் ஒருவர் அளவைத் தவறாகச் சொன்னதால் வீணாய்க் கிடந்த ஒரு கண்ணாடியை மரச்சட்டத்தில் கட்டி, இறக்காமலே விட்டுவிட்டார். வண்டி இனிக் காலியாக ஓடாது.

ஒரு மழை நாளில் அக்காள் அதைப் பார்த்துவிட்டார்.

"இது யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா."

"ஓ. அக்கா பக்கத்துல உக்காந்தா பத்தாது. இது உக்காந்தாத்தான் ஒழுங்கா ஓட்டுவ?"

"கைக்குப் புத்தி சொன்னா ஏறலக்கா. இது பின்னாடி லேசா கிணுகிணுன்னா அடங்கிடுது."

"சரி. கண்ணாடிக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கும் என்னைக்குக் கிடைக்குதோ, அன்னைக்கு ஏறுறேன்," என்று அக்காள் குடையை விரித்தார்.

ஏழெட்டு மாதங்கள் சென்றன. காற்றில் ஜன்னல் உடைந்த ஒரு வீட்டுக்குச் சரியாக வண்டியில் கட்டிக்கிடந்த அந்தக் கண்ணாடியின் அளவே தேவைப்பட்டது; தம்பி அதை எடுத்துப் பொருத்திவிட்டுத் திரும்பினார். மருத்துவமனை நிறுத்தத்தில் அக்காள் நிற்பதைக் கண்டு, வண்டியை ஓரமாக நிறுத்தினார். அக்காளின் பார்வை வழக்கம்போல் பின்பக்கம் போயிற்று. மரச்சட்டம் வெறுமையாக இருந்தது. கருவிப்பெட்டிக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா அடிக்குது?"

"பள்ளிக்கூடத்து வளைவுலேர்ந்து, விட்டு விட்டு. யாருன்னு தெரியாது."

"கண்ணாடியும் இல்ல. அப்ப காலியாத்தான் வர்ற."

"நீ ஏறுற வரைக்கும் காலிதான்க்கா."

அக்காள் ஒரு பேருந்தைப் போகவிட்டார். பிறகு இடக்கையால் கதவைத் திறந்து ஏறினார். சீட் பெல்ட்டை மாட்ட வலக்கை ஒத்துழைக்கவில்லை. தம்பி குனிந்து மாட்டிவிட்டார். வண்டி நகர்ந்தது. முதல் வேகத்தடையில் அது ஏறி இறங்குவதற்குள், நடந்து வந்த இருவர் அவர்களைத் தாண்டிச் சென்றனர்.

"இதுக்கு நான் நடந்தே போயிருப்பேன்," என்றார் அக்காள்; ஆனால் இறங்கவில்லை.