யார் முதலில் போடுவது

ஜாவீத் பாய் எந்தப் பேருந்திலும் முதல் ஆளாக ஏற மாட்டார். பொம்மிடியில் காலியான பேருந்து நின்றாலும், வேறு யாராவது ஏறி உட்காரும்வரை வெளியிலேயே நிற்பார். பல வருடங்கள் பார்த்திருக்கிறேன்.

தருமபுரியில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் நிரல் களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது. வெளியார் எழுதிய நிரல்களை அதிலிருந்து எடுத்துத்தான் எங்கள் செயலிகளைக் கட்டுவோம். எந்தப் புதிய பதிப்புக்கும் அவர் அனுமதி வேண்டியிருந்தது.

மாரண்டஹள்ளி தக்காளி விலையைச் சொல்லும் செயலி என் முதல் வேலை. ஒரு நிரலின் புதிய பதிப்பு இல்லாமல், அது திறந்தவுடன் மூடிக்கொண்டது.

"ஓசூர் கிளையில போடட்டும் தம்பி. வெடிக்கலன்னா நாமளும் போடலாம்," என்றார் பாய்.

ஓசூர் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர் ஹுமேரா. "மொதல்ல தருமபுரியில போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

இதையே தினமும் ஃபோனில் பேசிப் பேசி இருவருக்கும் நிக்காஹ் முடிந்தது. விருந்தில் பிரியாணி வந்தது.

"நீ சாப்புடு."

"நீங்க சாப்புடுங்க."

மண்டபமே காத்திருந்தது. பசி தாங்காமல் நான் ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

"எப்படி இருக்கு?" என்றார்கள் இருவரும்.

"நல்லா இருக்குங்க. பாய், அந்தப் பதிப்பு?"

"அவ போடட்டும் தம்பி."

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு முதலில் போனவன் நான். எனக்காக யாரும் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லவில்லை. நான் துணிந்து போனேனா, விவரம் தெரியாமல் போனேனா?

பாயும் ஹுமேராவும் இப்போது பெங்களூரில். பாயின் இடத்துக்கு வந்தவர், "அவரு வெச்ச பாக்கி, அவரே வந்து தீர்க்கட்டும்," என்கிறார். செயலி இன்னும் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது.