கடலின் ஏட்டுக்குக் கொசுறு

காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல் கடலின் மேலும் மெல்லிய ஏடு ஒன்று உண்டு. அதிலிருக்கும் அமினோ அமிலங்களை நுண்ணுயிர்கள் எவ்வளவு தின்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. இதை வீட்டில் சொன்னபோது, "அதுங்க துன்னா உனுக்கு இன்னாம்மா?" என்றார் அப்பா.

அப்பாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடை; வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. எடை போட்டபின் கொசுறாக ஒரு கை அள்ளிப் போடாமல் பையை நீட்டமாட்டார். நான் தனியாகப் படகில் போகக்கூடாது என்று மரக்காணத்துக்கு அவரும் கிளம்பிவிட்டார். தடுக்காதது என் புத்திக் கோளாறு.

அலை தாண்டிப் படகை நிறுத்தினோம். கண்ணாடித் தகட்டை நேராக நீரில் இறக்கி, மெதுவாக இழுத்து, ஒட்டிவரும் ஏட்டைச் சீசாவில் வழிக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. சீசா முக்கால் நிறைவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. மறுநாள் மதியம் விழுப்புரத்துக் கல்லூரியில் பரிசோதனைக் கருவி எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதை விட்டால் அடுத்து எப்போது கிடைக்குமோ, தெரியாது.

தகட்டைக் கழுவிவிட்டுத் திரும்பினால் சீசா கழுத்துவரை நிறைந்திருக்கிறது. அப்பா கையில் படகில் நீர் இறைக்கும் டப்பா.

"கொறையா இருந்துச்சும்மா. அதான் மொண்டு ரொப்பிட்டேன்."

"ஏட்டுல அடித்தண்ணிய ஊத்திட்டியேப்பா!"

"எல்லாம் ஒரே கடலுதானம்மா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே கடலில் இறக்கியிருப்பேன். மறுபடி எடுக்கலாமென்றால் காற்று கிளம்பி ஏட்டைக் கலைத்துவிட்டது. பஸ்ஸில் அவர் நீட்டிய மல்லாட்டையை நான் தொடவில்லை.

மறுநாள் விடியுமுன் என்னை எழுப்பியது அப்பாதான். படகில் இரண்டு கைகளின்மேலும் உட்கார்ந்துகொண்டார். உதவ வந்த படகுக்காரரை, "கை வெக்காதபா! வேர்வ பட்டா பேஜாரு" என்று அதட்டினார். முக்கால் சீசாவை நான் மூடியபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கரையேறியதும் பாதி நீரில் மருந்திட்டு நுண்ணுயிர்களைக் கொன்றேன். மீதியை மதியம்வரை அப்படியே விட்டேன். மாலையில் கருவி சொன்னது: உயிரோடு விட்ட பாதியில் அமினோ அமிலம் நன்றாகக் குறைந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"துன்னுருக்குதுங்கப்பா!"



"முக்கா சீசாதானம்மா குடுத்தோம்," என்றார் கவலையாக. "பத்துச்சா அதுங்களுக்கு?"