கேள்விக்குறின்னு யாருக்குப் பேரு?

என் அக்கா வாக்கப்பட்டுப் போன குடும்பத்தில், சென்னைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை உண்டு. அக்காவின் கொழுந்தன் அங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். காதுகுத்துக்கு வந்தாலும் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்ற மாட்டான். வயதில் என்னைவிடச் சின்னவன் என்பதால் 'அவன்' என்று எழுதுகிறேன். மூத்தவனாக இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

எனக்குக் கறம்பக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. ஆன்லைன் விண்ணப்பம், பட்டா நகல், ஜெராக்ஸ், லேமினேஷன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படித்தவள் என்பது கொஞ்சம் அதிகப்படி. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஓடிய கம்ப்யூட்டரைவிட உறை போட்டு மூடிய கம்ப்யூட்டர்தான் அதிகம். நிரல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரெக்கார்டு நோட்டில் விடையைப் பென்சிலால் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். கம்பைலர் என்றால் என்ன என்று கேட்டால் அழகாக ஒப்பிப்பேன்: மனிதர் எழுதிய நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். அதை நிறுவி ஒரு நிரலைக் கட்டிக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் எங்கள் துறைத்தலைவர் டீ குடிக்கப் போயிருப்பார். நாங்களும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கினோம்.

அக்காவுக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடம் படிக்கிற வயதிலேயே பார்வை போய்விட்டது. அதற்கப்புறம்தான் பிளஸ் டூ, பி.ஏ. தமிழ், பி.எட். எல்லாம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. தானே பஸ் ஏறிப் போவாள், தானே வருவாள். அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. காலியாக இருந்த இடம் மீமிசல் பக்கம், கடலோரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. வேண்டாதவர்கள் கலந்தாய்வில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். எழுதிக் கொடுத்துவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆளுக்கொரு கரிசனம். அக்கா மட்டும் எழுதித் தர மாட்டேன் என்றாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். அதை அவள் ஒளிக்கவே இல்லை.

அத்தான் உரக்கடை வைத்திருக்கிறார். யாரையும் நேராக மறுத்துப் பேசாதவர் என்று ஊரில் நல்ல பெயர். அவர் சொன்ன காரணம் கம்ப்யூட்டர். தலைமையாசிரியர் வேலை முழுக்க அதில்தான், மெயில் வரும், சுற்றறிக்கை வரும், எல்லாம் தமிழில் வரும், யார் படித்துச் சொல்வது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடியிருந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"அந்த லேப்டாப்பு தானாத் தமிழப் படிச்சுச் சொல்லிருச்சுன்னா, போயிட்டு வா. நானா வேண்டாங்குறேன்?"

அக்கா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். நானும்தான். கலந்தாய்வுக்கு இரண்டு வாரம் இருந்தது.

செல்போன் தமிழைப் படித்துக் காட்டும், அதில் அக்கா கில்லாடி. வீட்டிலிருந்த பழைய லேப்டாப் அப்படியில்லை. அதில் இருந்த திரைவாசிப்பான் ஆங்கிலத்தைக் கடகடவென்று படிக்கும், தமிழ் எழுத்து வந்தால் வாயை மூடிக்கொள்ளும். தமிழ்க் குரல் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. இறக்கி நிறுவினால், இது புதிய கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் என்றது. பழையதில் வேண்டுமானால் மூல நிரலை எடுத்து நீங்களே கம்பைலரில் கட்டிக்கொள்ளுங்கள் என்று அடியில் ஒரு வரி. புது லேப்டாப் வாங்கிவிடலாமே என்றேன். வேலையே உறுதியில்லை, அதற்குள் லேப்டாப்பா என்றார் அத்தான். லேப்டாப் இல்லாமல் வேலை கிடையாது, வேலை இல்லாமல் லேப்டாப் கிடையாது. இப்படி யோசிக்கிறவருக்கு ஊரில் புத்திசாலி என்று பெயர்.

ஆக, நான் கட்ட உட்கார்ந்தேன். கடையைச் சாத்திவிட்டுத் தினமும் அக்கா வீட்டுக்குப் போனேன். முதலில் கம்பைலரை இறக்கினேன். நிறுவி முடித்து நிரலைக் கட்டச் சொன்னால், கம்பைலர் என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை என்றது. அப்போதுதான் நிறுவிய சாமான். கண்ணெதிரே கோப்புறையில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்ற வழியைத் தனியாக எழுதி வைக்க வேண்டுமாம். எழுதினேன். இப்போது, கம்பைலர் இருக்கிறது, ஆனால் இந்தக் கம்ப்யூட்டருக்கான ரகம் இல்லை என்றது. அதை எடுத்துவிட்டுப் பழைய ரகத்தைத் தேடிப் போட்டேன். அடுத்து, கட்டும் வேலையை வரிசைப்படுத்தும் துணை மென்பொருள் இல்லை என்றது. இல்லாததையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லாது. ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால்தான் அடுத்ததைச் சொல்லும். தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பதாரர்களோடு நடந்து பழகியவள் என்பதால் எனக்குப் பொறுமை உண்டு. வேறு யாராவது என்றால் அந்த லேப்டாப்பைக் கிணற்றில் போட்டிருப்பார்கள்.

எல்லாம் வைத்து முடித்தபின் ஒரு பிழை வந்தது. அது நகரவே இல்லை. தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குப் பின்னால் நீளமாக ஒரு முகவரி. கம்பைலரை அழித்து மறுபடி நிறுவினேன். அதே வரி. வேறு பதிப்பைப் போட்டேன். அதே வரி.

அந்தத் தமிழ்க் குரலைச் செய்தவர்களின் இணைய மன்றத்தில் கேள்வி போட்டேன். பிழையை அப்படியே ஒட்டி, செய்ததையெல்லாம் விளக்கி, மரியாதையாக எழுதினேன். ஒரு மகானுபாவர் பதில் போட்டார். "எனக்கு ஓடுகிறது." அவ்வளவுதான் பதில். கீழே கேள்வியையும் பூட்டிவிட்டார். உங்களுக்கு ஓடுகிறது என்பதை வைத்து நான் என்ன செய்ய, ஐயா? உங்களுக்குச் சாப்பாடு ஆயிற்று என்றால் எனக்குப் பசி ஆறிவிடுமா? இதையும் எழுதத்தான் நினைத்தேன். பூட்டிவிட்டதால் அந்த மனிதர் பிழைத்தார்.

வேறு வழியில்லாமல் கொழுந்தனைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான். மறுநாளும் மீட்டிங். மூன்றாவது தடவை எடுத்தபோது, பிழை என்ன என்று கேட்காமலேயே மருந்து எழுத ஆரம்பித்துவிட்டான். ஆன்ட்டி வைரஸை நிறுத்து. நிறுத்தியாயிற்று. அட்மினாக ஓட்டு. ஓட்டியாயிற்று. அப்படியானால் ஃபார்மேட் பண்ணிவிடு என்றான். எங்கள் ஊர் சர்வீஸ் கடைக்காரரும் எதற்கெடுத்தாலும் ஃபார்மேட்தான் சொல்வார், ஆனால் அவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சொல்வதில்லை. கடைசியாக, "இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்குங்க, அண்ணி எழுதிக் குடுத்துட்டுப் போகட்டுமே" என்றான். அவனுக்கும் அந்தக் கரிசனம் வந்திருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

கலந்தாய்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி அக்கா வீட்டில் உட்கார்ந்தேன். அதே வரி வந்தது. எனக்குக் கண் எரிந்தது, கை ஓய்ந்துவிட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதைக் கொஞ்சம் வாசி என்றாள். பிழை என்று பொதுவாகச் சொன்னேன். அவள் விடவில்லை. பிள்ளைகளைப் பாடம் வாசிக்கச் சொல்லும் அதே குரலில், புள்ளி கோடு எதையும் விடாமல் முழுசாக வாசி என்றாள். நான் எரிச்சலோடு வாசித்தேன். சி, முக்காற்புள்ளி, சாய்கோடு, யூசர்ஸ், சாய்கோடு, கேள்விக்குறி, சாய்கோடு...

"இரு," என்றாள். "யூசர்ஸுன்னா ஆளுங்கதானே? அதுக்கப்புறம் ஆளு பேருல்ல வரணும். கேள்விக்குறின்னு யாருக்குடி பேரு?"

நான் திரையைப் பார்த்தேன். அத்தனை நாளும் அந்தக் கேள்விக்குறி அங்கேதான் இருந்தது. எழுத்துரு சரியில்லாமல் அப்படித் தெரிகிறது என்று அதைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தேன். லேப்டாப்பைத் திறந்தால் முகப்பில் அக்காவின் பெயர் ஆங்கிலத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும். கோப்புறைகளுக்குள் போய்ப் பார்த்தேன். ஆட்களுக்கான இடத்தில் ஒரே ஒரு கோப்புறை இருந்தது. அதன் பெயர் 'உ'.

பிள்ளையார் சுழி! அந்த லேப்டாப்பை முதன்முதலாகத் திறந்தது ஒரு சரஸ்வதி பூசை அன்று. சந்தனம், குங்குமமெல்லாம் வைத்து, கொழுந்தன்தான் திறந்து வைத்தான். உங்கள் பெயர் என்ன என்று அது கேட்டதும், தமிழ் விசைப்பலகையைப் போட்டு 'உ' என்று தட்டியிருக்கிறான். வீடே மெச்சியதாம். எவ்வளவு படித்தாலும் பிள்ளை பழசை மறக்கவில்லை பார் என்று அவன் அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். அக்கா இதைச் சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அப்புறம் முகப்புப் பெயரை மட்டும் அக்காவின் பெயராக மாற்றியிருக்கிறான். உள்ளே கோப்புறை பழைய பெயரிலேயே கிடந்தது. பெயரை மாற்றினால் கோப்புறை மாறாது என்பதுகூட அந்தக் கழுத்து அட்டைக்குத் தெரியவில்லை.

கம்பைலர் வேலை செய்யும்போது இடையிடையே கிறுக்கி வைத்துக்கொள்ள அந்தக் கோப்புறைக்குள்தான் இடம் தேடும். நான் போட்ட பழைய ரகத்துக்குத் தமிழ் எழுத்துப் புரியாது. 'உ'வைக் கேள்விக்குறியாக்கிக்கொண்டு, இல்லாத ஊருக்கு வழி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. பிள்ளையார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தவன் மேல்தான்.

சரி செய்வதற்கு இரண்டே வரி. வெளியே, ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறையைத் திறந்து, இனிமேல் இங்கே கிறுக்கிக்கொள் என்று சொன்னேன். மூல நிரலையும் அங்கே நகர்த்தி வைத்தேன். கட்டச் சொன்னதும் வரிகள் மளமளவென்று மேலே ஓட ஆரம்பித்தன. லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுட்டது. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஓடுகிறதா ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓடி முடிந்தது. பிழை இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை.

கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஓ, அதுவா" என்றான். எதுவாக இருக்கும் என்று அவனுக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாம். அவன் போனிலேயே சரி பண்ணிக் கொடுத்தான் என்றுதான் இன்றைக்கும் அவர்கள் சொந்தத்தில் பேச்சு. பேசட்டும்.

தமிழ்க் குரல் பேசியது. ஜலதோஷம் பிடித்த ஆள் ஓலைக் கொட்டகைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல். அக்கா ஒரு சுற்றறிக்கையைத் திறந்தாள். அது படிக்கப் படிக்கத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்க வைத்தாள்.

"ழகரம் வரல," என்றாள். "பரவால்ல, எட்டாவதுல பாதிப் பயலுகளுக்கும் வரல."

மதியம் அத்தான் சாப்பிட வந்தார். அவர் கை கழுவும்போதே அக்கா லேப்டாப்பைப் பேசவிட்டாள். ஈரக் கையோடு நின்று கேட்டார். நல்லாத்தான் படிக்குது என்றார். இலையில் உட்கார்ந்தார். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு என்ன செய்வாய் என்றார். அறந்தாங்கி போய் மாறிக்கொள்வேன் என்றாள் அக்கா. அவ்வளவு தூரம் தினமும் ஆகுமா என்றார். பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்குவேன், வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றாள். வீட்டையும் விசாரித்து வைத்திருந்தாள், எனக்கே தெரியாது. உப்புக்காற்று உடம்புக்கு ஆகாது என்றார். தன் அம்மா என்ன நினைப்பார்கள் என்றார். இத்தனை நாள் நான் மல்லுக்கட்டியது லேப்டாப்போடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நான் போறது ஒங்களுக்குப் புடிக்கலையா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, யாரையும் மறுத்துப் பேசாத அந்த மனிதர், அடிக்குரலில் சொன்னார்:

"புடிக்கல."

"இத அன்னைக்கே சொல்லிருந்தா இவ இம்புட்டு நாள் அலைஞ்சிருக்க மாட்டா," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. வருகைப் பதிவில் ஒரு பெயரைக் குறித்துக்கொள்வதுபோல இருந்தது.

பிறகு சொன்னாள்: "சரி, புடிக்க வேணாம். நான் போறேன்."