கதவுத் தகட்டில் அப்பப்பா

என் மகள் கயலின் பெயருக்குப் பின்னால் யாருடைய பெயர் வர வேண்டும்? அவள் பிறந்து ஐந்து மாதமாகிறது. டென்மார்க்கில் ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதிந்துவிட வேண்டும். ஒரு முடிவுக்கு வருவதும் மறுநாள் காலையில் அது பிழையோ என்று பயப்படுவதுமாக இருக்கிறேன். அதை யோசிக்கும்போதெல்லாம் பித்தளை மினுக்கும் பசையின் காரமான மணம் மூக்கில் வந்து நிற்கிறது.

ஒடென்சேயில் நான் வளர்ந்த அடுக்குமாடியின் படிக்கட்டு மணம் அது. எதிர்வீட்டு ஐரிஷ்காரர் ஷோன், அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர், சனிக்கிழமைகளில் தன் கதவின் பெயர்த் தகட்டை மினுக்குவார். அதில் ஓ’டொனல் என்றிருக்கும். ‘ஓ’ என்றால் பேரன், டொனல் என்ற மூதாதையின் வழிவந்தவர்கள் என்று பொருளாம். ஒரு காலத்தில் கோட்டையும் நிலமுமாக இருந்த குடும்பமாம். ஆங்கிலேயர் நிலத்தைப் பிடித்த பிறகு, வேலை கிடைப்பதற்காக அந்த ‘ஓ’வைக் கழற்றி வைத்திருந்து, அவருடைய தாத்தா காலத்தில்தான் திரும்ப மாட்டிக்கொண்டார்களாம். இதையெல்லாம் அரைகுறை டேனிஷில் கேட்டுவிட்டு வந்த அப்பா, சாப்பாட்டு மேசையில் பெருமையடித்தார்.

"எங்கட கதவிலயும் அப்பான்ர பேர்தானே கிடக்குது. அப்ப நாங்களும் அவையளைப் போலத்தான்."

"ஓமோம்," என்றார் அம்மா. "அவையளுக்குக் கோட்டை. உங்கட ஆக்களுக்கு ஒரு கிணறு, அதிலயும் ஆறு பங்கு, ஆறு பங்குக்கும் வழக்கு."

அப்பா சொன்னதில் பிழையில்லை. ஊரில் தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயர் மாறிக்கொண்டு போகும். இங்கே வந்து இறங்கியபோது அப்பப்பாவின் பெயரான கந்தையா எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. டாக்டரின் காத்திருப்பு அறையில் "கந்தையா" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் எழும்புவோம்.

அம்மாவால் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். தொலைபேசியில் யாராவது பெயர் கேட்டால், "இந்தா பிள்ளை, நீ சொல்லு," என்று என்னிடம் நீட்டிவிடுவார். நான் உரக்கச் சொல்வேன். அம்மாவோ, மாமனார் அறைக்குள் வந்துவிட்டவர்போலச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பார்.

திருமணத்தின்போது நான் கந்தையாவை விடவில்லை. இப்போது கணவர், "எனக்கு எதுவும் சரி, ஆனா எங்கட அப்பா தன்ர பேரை வைக்கச் சொல்லி ஒவ்வொரு நாளும் கேக்கிறார்," என்கிறார். என் அப்பாவோ, "கந்தையா உன்னோட முடிஞ்சா முடியட்டும், பரவாயில்லை," என்கிறார். ஆனால் வரும்போதெல்லாம், "பதிஞ்சிட்டியளோ?" என்று கேட்காமல் போவதில்லை. நான் ஒரே பிள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா, யாரும் கேளாமலே சொன்னார்: "என்ர அப்பான்ர பேர் செல்லையா. இந்த நாட்டில ஒருத்தரும் அதை ஒருக்காலும் கேக்கேல்லை."

"அதை வைக்கட்டோ அம்மா?"

"விசர்க் கதை. சம்பந்தி வீட்டில என்ன நினைப்பினம்?"

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கினார். நான் அடுக்களைக்குப் போய்விட்டதாக நினைத்திருக்க வேண்டும். அவள் காதருகே குனிந்து, "கயல் செல்லையா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தயங்காமல், தெளிவாக, ஒரு குடும்பப் பெயரை அம்மா சொல்லி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஷோன் எப்போதோ அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டார். அந்தப் படிக்கட்டில் இப்போது பித்தளைத் தகடுகள் இல்லை. வாசலில் இலக்கம் போட்ட பொத்தான்கள் மட்டும்தான். எனக்கு இன்னும் மூன்று கிழமைகள் இருக்கின்றன. என் மாமனாரையும் அப்பாவையும் நோகடிக்காமல் அம்மாவின் அப்பாவை என் மகளோடு அனுப்பிவைக்க வழியுண்டா? இப்படி ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.