அடுப்புக்கு மேலே தொங்கிய கோல்

எங்கள் வீட்டில் சில வருஷம் கடுகு தாளிக்கத் தடை இருந்தது. மாமியார் போட்ட தடை என்று நினைத்துவிட வேண்டாம். பாவம், அவர் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தடை போட்டவர் என் வீட்டுக்காரர். அடுப்புக்கு நேர் மேலே உத்தரத்தில் கறுப்புச் சாயம் பூசிய நீளத் தகரக் குழாய் ஒன்று தொங்கியது. அதற்குள் பில்லியர்ட்ஸ் ஆடும் கோல் இருந்தது. எண்ணெய் தெறித்துவிடுமாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் பட்டாளத்து டிப்போ வந்ததும் எங்கள் வெள்ளானூரில் ஏர் பிடித்தவர்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். என் அண்ணன் முதலில் போய், பிறகு இவரையும் சாமான் கிடங்கில் சேர்த்துவிட்டார். ஆபீசர்களுக்குப் புது மேசை வந்தபோது பழைய பில்லியர்ட்ஸ் மேசையைச் சிப்பந்திகள் ஹாலுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்தப் பச்சைத் துணி மேசை இவருக்கு எப்படித்தான் வசப்பட்டதோ, சாயங்காலம் ஆனால் ஹாலில் கூட்டம் கூடி இவர் ஆடுவதைப் பார்க்குமாம். வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் கட்டை விரலில் அடித்துக்கொள்பவர்.

அங்கே ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் இருந்தார். ஆபீசர்கள் மேசையில் தனக்கு ஈடு கொடுக்க ஆளில்லை என்று சிப்பந்திகள் ஹாலுக்கே வந்து இவரோடு ஆடுவார். அவரைப் பர்மா பக்கம் அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று தன் கோலைத் தகரக் குழாயோடு இவர் கையில் கொடுத்தார். சீமையில், தன் உயரத்துக்கு அளவு கொடுத்துச் செய்வித்த கோல். அடிப்பாதி கருங்காலி, மேல்பாதி வெளுத்த சீமை மரம், இரண்டையும் கூர் கூராய்க் கோத்து ஒட்டி, பிடியில் தந்தத் தகடு பதித்திருந்தது. துரை சொன்னதை அண்ணன்தான் தமிழில் சொன்னார்: "சும்மா வெச்சிகினு இருக்காத, ஆடுன்றாரு."

இவர் ஆடவில்லை. பழையபடி ஹாலில் கிடக்கும் கோணல் கோலை எடுத்துத்தான் ஆடினார். இதை எடுத்துப்போனால் ஆளாளுக்குக் கை வைப்பான், முனைத்தோல் தேய்ந்துவிடும், மேசை ஓரத்தில் இடித்துவிடும். நல்ல நாள் வரட்டும் என்றார். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. எந்த நாளும் அவருக்கு நல்ல நாளாகப் படவில்லை.

அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குழாயை அண்ணாந்து பார்ப்பார். "நாய் கையில தேங்கா கெடச்ச கதையா கீது மச்சான். உருட்டவும் மாட்ட, ஒடைக்கவும் மாட்ட."

"ஒனக்கு இன்னா தெரியும்? அது சீமை சாமான்."

"சீமை சாமான்னா? துரை ஆடலியா?"

இவர் குழாய் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்ப்பார்.

அடுப்பு மேல் ஏன் கட்டினார் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் கறையானுக்கும் வண்டுக்கும் தப்ப வேண்டிய எதுவும் அங்கேதான் போகும். விதைச் சுரைக்காய், மாடு ஓட்டும் தார்க்குச்சி எல்லாம் புகை குடித்தால் பூச்சி அண்டாது. புகை ஏற ஏற மரம் இறுகும் என்பார்கள். இவருக்குத் தெரிந்த உச்சமான பாதுகாப்பு அதுதான். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அங்கேதான் கட்டித் தொங்கவிட்டிருப்பார்.

நானோ அந்தக் குழாய்க்கு அடியில் ரேஷன் அரிசியைப் பொங்கிக்கொண்டு, தாளிக்காத குழம்பைக் கிண்டிக்கொண்டு இருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை குழாயில் படிந்த கரியைத் துடைப்பதும் என் தலையில் விழுந்தது. கை தூக்கித் துடைத்துத் தோள்பட்டை விட்டுப்போகும். ஒரு நாள் தாங்காமல் கேட்டேன்: "ஏன்யா, ஆடுறதுக்குக் குட்த்தத ஆடித் தொலைச்சா இன்னா?" அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. டிப்போவில் ஆட்களைக் குறைத்தார்கள். மேசையையும் கழற்றிப் பட்டாபிராம் சைடிங்கில் ரயிலேற்றப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி ஆட்டம் என்று அண்ணன் வந்து சொன்னார். "அன்னிக்கி உட்டா இனிமே எங்க ஆடுவ மச்சான்? சொம்மா சொல்லல, யோசிச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை இவர் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குழாயை இறக்கினார். மூடியைத் திறந்ததும் காய்ந்த பிசின் வாசனை அடித்தது. கோலை வெளியே எடுத்தார். தந்தத் தகடு பெயர்ந்து தரையில் விழுந்தது. கருங்காலியும் சீமை மரமும் கோத்த இடத்தில் நகம் போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. தரையில் வைத்து உருட்டினார். உருளவில்லை, தத்தித் தத்திப் போய் நின்றது. தகரத்துக்குள் அத்தனை நாளும் அடுப்புச் சூட்டில் வெந்திருக்கிறது. மாட்டுக்கோலுக்கு ஏற்ற புகை, ஒட்டிச் செய்த கோலுக்கு ஆகவில்லை.

இவரைக் கூட்டிப்போக வந்திருந்த அண்ணன், "வேணாம் மச்சான், அத வெச்சிட்டு வா" என்றார்.

இவர் கேட்கவில்லை. பிளந்த இடத்தில் நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதையே எடுத்துப் போனார்.

பொழுது சாய்வதற்குள் இருவரும் திரும்பிவிட்டார்கள். ஹாலில் நடந்ததை அண்ணன் வாசலிலேயே தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார். இவர் அந்தக் கோலோடு நின்றதும் எல்லோரும் சுற்றி வந்து நின்றார்களாம். முதல் அடியிலேயே பந்து கோணிக்கொண்டு ஓடியதாம். கொஞ்சம் பேர் சிரித்தார்களாம். கையில் வேறு கோலைக் கொடுத்தும் இவர் வாங்கவில்லை. கடைசிவரை அதிலேயே ஆடி, நேற்று ஆட வந்தவனிடம் தோற்றிருக்கிறார்.

உள்ளே போனேன். கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "தோத்தா போவுது, உடு" என்றேன்.

"தோத்ததுக்கு இல்லம்மே" என்றார். "இது கைல இம்மாம் லேசா நிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

சொல்லிவிட்டுத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் துக்கம்தான், அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. அடுப்பை மூட்டி, சட்டியில் எண்ணெயை ஊற்றி, ஒரு பிடி கடுகை அள்ளிப் போட்டேன்.