நீலக் கோட்டின் மேல் ஒரு வீடு

அந்த வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் எங்கள் ஊர் மறைந்துவிடும். ஐம்பதுகளில் அச்சான நில அளவைத் தாள் அது. மரக்காணத்தைச் சுற்றி உப்பளங்கள், பனைகள், பிரம்மதேசம் பக்கத்து ஏரிகளிலிருந்து கழுவெளிச் சதுப்பு ஏரிக்கு இறங்கும் மெல்லிய நீலக் கோடுகள். வீடுகள் என்று சில கறுப்புப் புள்ளிகள் மட்டுமே. நான் வேலை பார்த்த நில அளவை அலுவலகத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்றைய ஊரின் படத்தை அதன்மேல் பொருத்தினேன். புதிதாக முளைத்த தெருக்கள் பலவும் நீலத்தின்மேல் நின்றன. அவற்றில் ஒன்றில்தான் என் அக்காவின் வீடு.

அக்காவின் கணவரை மாமா என்பேன். உப்பளத்துக் கூலி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்திருக்கும். குடிசையில் பிறந்தவர் முதன்முதலாகக் கட்டிய, தளம் போட்ட வீடு அது. படத்தை எடுத்துப் போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓடைன்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பேனா? மனைன்னுதானே வித்தான்" என்றார். அந்த ஐப்பசி மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அங்கேயே மறுபடியும் அடுப்பு மூட்டினார்கள்.

வெள்ளத்துக்குக் காரணம் தேடி வந்த அதிகாரிகளின் கையில் நான் பொருத்திய படம் இருந்தது. தெரு முழுக்கச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டார்கள். அதே ஓடையின்மேல் நின்ற கல்யாண மண்டபத்தில் மட்டும் குறி இல்லை. மாமா போய்க் கேட்டதற்கு, அது கோர்ட்டில் இருக்கிறது என்றார்களாம். புல்டோசர் வந்த காலையில் அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. வாசற்கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, நீ போட்ட படமா இது?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். "கோடு சரியாத்தான் போட்டிருக்கே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிளியனூர்ப் பக்கம் மாற்று இடம் கொடுத்தார்கள். உப்பள வேலைக்கு நேரத்தோடு வந்து சேர அங்கிருந்து பஸ் இல்லை. சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்த மாமாவை ஒரு விடியற்காலையில் லாரி அடித்துப் போட்டுவிட்டது.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அக்கா கேட்டாள். "ஏன்டி, நாங்க இப்ப இருக்கிற இடம் அந்த மேப்ல என்னன்னு போட்டிருக்குது?"

செல்போனில் இருந்த படத்தை விரித்துத் தேடினேன். அந்த இடம் முழுக்க நீலம்.

"ஏரி, அக்கா."

அவள் அழவில்லை. எழுந்து போய் மூலையிலிருந்த அரிசி டிரம்மைப் பிடித்து இழுத்தாள். நானும் ஒரு கை கொடுத்தேன். இருவருமாகத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம்.